கூடங்குளத்துக்குப் போன குறிப்பு

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்கும் மாணவ மாணவியருக்கு,



'சைபர்' என்று சொன்னால் ஊரில் பலருக்கு முதலில் நினைவு வருவது 1930 என்ற எண்தான். யாரோ போனில் கேட்டார், இவர் ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டார், கணக்கில் இருந்த பணம் போயிற்று, உடனே 1930-க்கு அடி. அது போலீஸ் வேலை. பணம் போனபிறகு தொடங்குவது. இந்த மடல் வேறு சிலரைப் பற்றியது. எதுவும் போகாத நாளில், நாளைக்கும் போகாமல் இருக்கப் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள். மத்திய அரசின் உளவு அமைப்புகளில், உத்தரவு போடும் உயரத்திலும் இல்லாமல், சொன்னதை மட்டும் செய்யும் இடத்திலும் இல்லாமல், நடுப்படியில் உட்கார்ந்திருக்கும் சைபர் பாதுகாப்புக்காரர்கள்.

படிப்பு முடிந்ததும் அந்தப் பக்கம் போக உங்களில் சிலருக்கு ஆசை இருக்கும். சினிமா அந்த வேலையைக் காட்டும் விதம் தெரிந்ததுதான்: இருட்டறை, பச்சை எழுத்து, பத்து விநாடியில் எதிரி நாட்டு சர்வர் கைக்குள். உண்மையில் அந்த மேசையில் அதிகம் நடப்பது எழுத்து வேலை. அதை விளக்க உங்களுக்கு டெல்லி உதாரணம் வேண்டாம். ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் கூடங்குளம் இருக்கிறது.

2019 செப்டம்பர் 4. தென்காசி மாவட்டம் பிறக்க இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. சங்கரன்கோவிலும் கூடங்குளமும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். அன்று புக்ராஜ் சிங் என்பவர், அப்போது தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் ராஜேஷ் பந்த்துக்கு ஒரு தகவலைச் சேர்த்தார். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி வலைக்குள் அந்நியர் நடமாட்டம் தெரிகிறது என்பது தகவல். புக்ராஜ் சிங் என்.டி.ஆர்.ஓ. என்ற தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பில் வேலை பார்த்து வெளியே வந்தவர். கண்டுபிடித்தது தான் இல்லை, வேறொரு தரப்பு கண்டு தன்னிடம் சொன்னது, தான் உரிய இடத்தில் சேர்த்தேன் என்று பின்னால் அவரே வெளிப்படையாக எழுதினார். அந்தத் தேதி முக்கியம் என்றும் சொன்னார்.

ஏன் முக்கியம் என்பது அக்டோபர் கடைசியில் தெரிந்தது. அந்த மாதம் 28-ஆம் தேதி, சந்தேகக் கோப்புகளைச் சோதிக்க உலகமே பயன்படுத்தும் வைரஸ்டோட்டலில் கிடந்த ஒரு மால்வேர் மாதிரி ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. அதன் நிரலுக்குள் 'கே.கே.என்.பி.பி.' என்று தொடங்கும் நிர்வாகிக் கணக்கின் பெயர் நேரடியாக எழுதப்பட்டிருந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. செய்தி தீயாகப் பரவியது. இதற்கு ஒன்பது நாள் முன்பு, அக்டோபர் 19-இல், இரண்டாவது அணு உலை வேறு காரணத்தால் நின்றுபோயிருந்தது; நீராவி ஆக்கியில் நீர்மட்டம் குறைந்ததாகப் பதிவு. இரண்டையும் முடிச்சுப்போட வாட்ஸ்அப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு வெளி வலையோடு இணைக்கப்படாதது, அதன்மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை, முதல் உலை 1000 மெகாவாட்டிலும் இரண்டாவது 600 மெகாவாட்டிலும் ஓடுகின்றன என்றது அறிக்கை. மறுநாள், 30-ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது. மால்வேர் இருந்தது உண்மைதான். சர்ட்-இன் என்ற அரசின் சைபர் அமைப்பு செப்டம்பர் 4 அன்று கவனித்துத் தெரிவித்தது. அணுசக்தித் துறை நிபுணர்கள் உடனே விசாரித்தார்கள். நிர்வாக வேலைக்கான இணைய இணைப்புள்ள வலையில் இருந்த ஒரு பயனரின் கணினியில்தான் தொற்று. உலைகளை இயக்கும் உள்வலை தனி.

இரண்டு அறிக்கையையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், நேருக்கு நேர் பொய் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. முதல் அறிக்கை கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான். ஊர்க்காரன் 'வீட்டுக்குள் திருடன் வந்தானா' என்று கேட்டால் 'பீரோ உடையவில்லை' என்பது மாதிரி. பீரோ உடையாதது நல்ல செய்திதான். ஆனால் திண்ணைவரை வந்தவன் என்ன பார்த்துக்கொண்டு போனான்?

அதற்கும் பதில் இருந்தது. அந்த மால்வேரின் பெயர் டிட்ராக். காஸ்பர்ஸ்கை நிறுவனம் 2019 செப்டம்பரிலேயே அதைப் பற்றி எழுதியிருந்தது. வட கொரியாவோடு சேர்த்துப் பேசப்படும் லாசரஸ் குழுவின் கைவேலை என்றது. அதன் உடன்பிறப்பு ஒன்று 2018-இல் இந்திய ஏ.டி.எம்.களில் கார்டு விவரம் திருடப் புகுந்திருந்தது. டிட்ராக் எதையும் உடைப்பதில்லை. தட்டச்சுப் பலகையில் எந்த விசை அழுத்தப்படுகிறது, பிரவுசரில் எந்தப் பக்கங்கள் திறக்கப்பட்டன, கணினியில் எந்த நிரல்கள் ஓடுகின்றன, பக்கத்தில் எந்த வலைகள் இருக்கின்றன, வட்டில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று பட்டியல் போடும். ஆடித்தபசுக் கூட்டத்தோடு கூட்டமாக ரதவீதியில் நடந்து, எந்த வீடு பூட்டிக்கிடக்கிறது, எந்த வீட்டில் நாய் இல்லை என்று பார்த்துக்கொண்டே போகிறவனுடைய வேலை அது. திருட்டு பிறகு நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

உள்வலை தனியாக இருப்பது பெரிய பாதுகாப்புதான். அதை லேசாக நினைக்க வேண்டாம். முழுப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஈரானின் நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையமும் வெளி இணைப்பு இல்லாததுதான். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், பென்டிரைவில் ஏறி உள்ளே போய்ச் சுழல் இயந்திரங்களைக் கெடுத்தது. அந்த மால்வேர் அதிகம் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியாவும் இருந்தது.

இப்போது செப்டம்பர் 4-க்குத் திரும்பலாம். யாரோ ஒருவர் கண்டார். ஒருவர் சேர்த்தார். ஒருங்கிணைப்பாளர் அலுவலகத்துக்குத் தடயங்கள் போயின. சர்ட்-இன் அணுமின் கழகத்துக்குச் சொன்னது. கழகத்திலிருந்து விசாரணை ஒரு மேசையில் இருந்த ஒரு கணினிவரை வந்து நின்றது. இதில் பெயர் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர். மற்ற ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கும். என்ன பார்த்தோம், எவ்வளவு உறுதி, அடுத்து எந்தக் கணினியைப் பிடுங்க வேண்டும், எதைத் தொடக்கூடாது. அந்தக் குறிப்பை எழுதுகிறவர் பெரும்பாலும் நடுப்படிக்காரர். மேலே இருப்பவருக்கு மால்வேரைப் பிரித்துப் பார்க்க நேரம் கிடையாது; கீழே இருப்பவருக்கு அணுமின் கழகத்துக்குக் கடிதம் போட அதிகாரம் கிடையாது. செப்டம்பர் 4-க்கும் அக்டோபர் 30-க்கும் இடையில் 56 நாள். அதில் கடைசி மூன்று நாள் மட்டுமே பேப்பரில் வந்தது. மறுப்பு வந்த 29-ஆம் தேதி, விஷயம் தெரிந்த நடுப்படிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

அந்தக் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நல்ல தடயம் அரசின் பொது அறிக்கை ஒன்றிலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரி 28 அன்று ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற அமெரிக்க நிறுவனம், சீனாவோடு தொடர்புள்ளதாகத் தான் கருதும் 'ரெட்எக்கோ' குழு இந்திய மின்துறை அமைப்புகளைக் குறிவைத்ததாக ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஐந்து மண்டல மின்சுமை அனுப்பு மையங்களில் நான்கு அந்தப் பட்டியலில் இருந்தன. துறைமுகங்கள் இரண்டு: ஒன்று மும்பை, மற்றது நம்முடைய தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். மறுநாளே மின்துறை அமைச்சகம் பதில் சொன்னது. எந்தச் செயல்பாடும் பாதிக்கப்படவில்லை, தகவல் எதுவும் போகவில்லை என்றது. அதோடு நிற்காமல் இரண்டு தேதிகளையும் கொடுத்தது. ஷேடோபேட் என்ற மால்வேர் பற்றி சர்ட்-இன் 2020 நவம்பர் 19 அன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. ரெட்எக்கோ பற்றி என்.சி.ஐ.ஐ.பி.சி. என்ற இன்னொரு அரசு அமைப்பு 2021 பிப்ரவரி 12 அன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அவற்றில் குறிப்பிட்ட ஐ.பி. முகவரிகளையும் டொமைன்களையும் ஃபயர்வாலில் அடைத்தார்கள். கட்டுப்பாட்டு மையக் கணினிகளை ஸ்கேன் செய்து சுத்தம் பார்த்தார்கள்.

உலகச் செய்தி வருவதற்கு 16 நாள் முன்பே ஒரு மின்னஞ்சல் போய்விட்டது. அதை எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவருக்கு மின்சுமை அனுப்பு மையம் என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது; கரண்ட் நின்றால் தறி நிற்கும் என்பது மட்டும் தெரியும். இரண்டுக்கும் இடையில் அந்த மின்னஞ்சல் இருந்தது.

அமைப்புகளின் பெயர்கள் குழப்பும். சுருக்கமாகச் சொன்னால், சர்ட்-இன் மின்னணு அமைச்சகத்தின் கீழ் 2004 முதல் இயங்குவது; உளவு அமைப்பு அல்ல, நாட்டின் சைபர் தீயணைப்பு நிலையம் மாதிரி. என்.டி.ஆர்.ஓ.தான் உளவு அமைப்பு. அதுவும் 2004-இல் பிறந்தது. கார்கில் போருக்குப்பின் என்ன தவறு நடந்தது என்று ஆராய்ந்த குழுவின் அறிக்கையிலிருந்து தொடங்கிய சீர்திருத்தத்தின் பிள்ளை அது. அந்தக் குழுவுக்குத் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். என்.சி.ஐ.ஐ.பி.சி. என்பது என்.டி.ஆர்.ஓ.வின் ஒரு பிரிவு. மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, போக்குவரத்து போன்ற நின்றுபோனால் நாடே தடுமாறும் துறைகளின் கணினிகளைக் காக்க 2014 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இவை தவிர ஐ.பி. என்ற உள்நாட்டு உளவுத்துறையும், அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வரும் வெளிநாட்டு உளவு அமைப்பும் இருக்கின்றன. ஒரே மால்வேரை இவர்கள் எல்லோரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் யார் யாருக்குச் சொல்வது என்பதே பாதி வேலை.

சரி, மேசைக்கு வருவோம். இத்தகைய அலுவலகங்களில் காலையில் முதலில் செய்வது போனை வாசலில் ஒப்படைப்பது. வேலை பார்க்கும் கணினியில் இணையம் இருக்காது. இணையம் உள்ள கணினி வேறு அறையில் இருக்கும். நிரலில் ஒரு வரி ஓடவில்லை என்றால் கூகுளில் தேடிப் பழகிய கை முதல் மாதம் தவிக்கும். பிறகு லாக். சர்வர் ஒவ்வொன்றும் யார் வந்தார், யார் போனார் என்று எழுதிவைக்கும் வரிகள், லட்சக்கணக்கில். விசைத்தறிக் கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எட்டுத் தறி ஒன்றாக இரையும்போது வெளியாளுக்கு அது வெறும் இரைச்சல். ஓட்டுகிறவர் மட்டும் சட்டென்று திரும்பி மூன்றாவது தறிக்குப் போவார், இழை அறுந்திருக்கும். லாக் பார்ப்பதும் அந்தக் காதுதான். அதிகாலை மூன்று மணிக்கு ஒரு கணக்காளரின் கணினி ஏன் வெளிநாட்டு முகவரியோடு பேசுகிறது?

பத்தில் ஒன்பது முறை அதற்குச் சப்பையான காரணம் இருக்கும். மென்பொருள் தானாக அப்டேட் ஆகியிருக்கும். ஒன்பது முறை அலறிய குறிப்பை எழுதியவரின் பத்தாவது குறிப்பை மேலே யாரும் படிக்கமாட்டார்கள். அதனால்தான் இந்த வேலையில் 'தெரியும்', 'நினைக்கிறோம்', 'இருக்கலாம்' என்ற மூன்று சொல்லையும் கலக்காமல் எழுதுகிறவருக்கு மதிப்பு. தாக்கியது எந்த நாடு என்று எழுதுவதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அடுத்தவன் கையெழுத்தைப் பழகி எழுதும் கூட்டங்களும் இருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கல்லூரிக்கு நூறு பேர் வருகிறார்கள். ஒரு பக்கத்தில், கணினி படிக்காத செயலர் ஒருவருக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவர் அரிது. தமிழ் வழியில் படித்தோமே என்று கூச்சப்படுகிறவர்கள் ஆங்கிலம் பேசுவதற்குப் பயப்படுவதைக் கொஞ்சம் ஒத்திவைத்து, ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தெளிவாக எழுதப் பழகினால் போதும்.

எரிச்சல்களும் உண்டு. ஒரு கருவி வாங்க டெண்டர், குறைந்த விலை, ஒப்புதல் என்று கோப்பு நகரும். மால்வேருக்கு டெண்டர் கிடையாது. எச்சரித்த நிறுவனம் கேட்காமல் போவதும் நடக்கும். கட்டளையிடும் சட்டம் கையில் இருந்தாலும், அந்தப்பக்கம் இருப்பவர் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால்தான் மாறியது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர், 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. வலையைச் சரியாகப் பகுத்து வைக்காததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. வாரக்கணக்கில் நோயாளிச் சீட்டைக் கையால் எழுதினார்கள். வலையைப் பிரித்துவை என்பது இந்தத் துறையின் முதல் பாடம்.

அடுத்து, வாயை மூடிக்கொள்வது. இதை லேசாக எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள்தான் பிறகு அதிகம் கஷ்டப்படுகிறார்கள். உளவு அமைப்புகளில் இருப்போரின் உரிமைகளை வரையறுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் என்.டி.ஆர்.ஓ. 2017-இல் கொண்டுவரப்பட்டது. சங்கம் சேர முடியாது, பத்திரிகையிடம் பேச முடியாது. தகவல் உரிமைச் சட்டத்திலிருந்தும் இந்த அமைப்புகளுக்குப் பெரும்பாலும் விலக்கு. 2021 மே 31-இல் திருத்தப்பட்ட ஓய்வூதிய விதிப்படி, ஓய்வு பெற்றபிறகும் தன் அமைப்பு சம்பந்தமாக எழுத முன்அனுமதி வேண்டும். தனியார் நிறுவனத்தில் உங்கள் வகுப்புத் தோழன் தான் கண்டுபிடித்த ஓட்டையைப் பற்றி மாநாட்டில் பேசி, லிங்க்டுஇன்னில் போட்டு, அடுத்த வேலைக்குத் தாவுவான். நடுப்படிக்காரருக்குப் பத்து வருடத்தில் வெளியே காட்ட ஒரு வரி இருக்காது. ஊரில் பெண் பார்க்கப் போகும்போது 'மாப்பிள்ளை என்ன உத்தியோகம்' என்ற கேள்விக்கு 'டெல்லியில சென்ட்ரல் கவர்மெண்டு, கம்ப்யூட்டர் வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அத்தைமார் விடமாட்டார்கள்.

ஆனால் வேலையில் சேருமுன் வரும் விசாரணை மட்டும் ரகசியமாக இருக்காது. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார். தெருமுனை டீக்கடைக்குத் தெரியாமல் நம் ஊரில் ஒரு விசாரணை நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

சம்பளத்தை மறைப்பானேன். லெவல் 7-இல் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். விஞ்ஞானி 'பி' என்று லெவல் 10-இல் சேர்ந்தால் 56,100. நடுப்படியான 'சி', 'டி' நிலைகள் 67,700-லும் 78,800-லும் தொடங்கும். இதன்மேல் அகவிலைப்படியும் மற்றவையும். மேல்பதவி காலியானால்தான் உயர்வு என்ற தலைவலி அரசின் விஞ்ஞானிப் பணிகள் பலவற்றில் இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்து மதிப்பீடு செய்து உயர்த்துவார்கள். ஆனாலும் அதே அனுபவத்துக்கு பெங்களூரு கொடுப்பது அதிகம், அதில் சந்தேகமே வேண்டாம். பெங்களூருகூட வேண்டாம், தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011 முதல் இருக்கிறது, வீட்டுச் சாப்பாட்டோடு வேலை பார்க்கலாம். டெல்லி என்றால் பொதிகையில் சென்னை, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இன்னும் ஒன்றரை நாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் இந்தக் கணக்கு மனதில் ஓடும்.

இவ்வளவுக்கும் பிறகும் ஆசை இருக்கிறவர்களுக்கு: பயிற்சிக்குக் காசு வேண்டாம். மால்வேரைப் பிரித்துப் பார்க்க கிட்ரா என்று ஒரு மென்பொருள் உண்டு, அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. தன் உபயோகத்துக்குச் செய்து, 2019 மார்ச்சில் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. பிரிட்டனின் ஜி.சி.எச்.க்யூ. 2016-இல் விட்ட சைபர்செஃப், குழப்பி எழுதிய தரவைப் பிரவுசரிலேயே அவிழ்த்துப் பார்க்க உதவும். இரண்டு உளவு அமைப்புகளின் பட்டறைச் சாமான்கள் உங்கள் லேப்டாப்பில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் இறங்கிவிடும். உயிருள்ள மால்வேரைத் தனியாக ஒதுக்கிய மெய்நிகர் கணினிக்கு வெளியே திறக்காதீர்கள். கல்லூரி லேபில் திறந்தால் அடுத்த மடல் உங்களைப் பற்றியதாக இருக்கும்.

இன்னொன்றும் இதே கண்டிப்போடு. விளையாட்டாகக்கூட அனுமதி இல்லாமல் அடுத்தவர் சர்வரில் கை வைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்த கணினி என்றால் 70-ஆம் பிரிவில் பத்தாண்டு வரை. தற்செயலாக ஓட்டை கண்ணில் பட்டால் முறையாகச் சொல்ல என்.சி.ஐ.ஐ.பி.சி.யே ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கேயும் அவர்கள் கேட்பது ஒரு தெளிவான குறிப்பைத்தான்.

வாசல் கேட் தேர்வுதான். ஐ.பி.யின் தொழில்நுட்பப் பணிக்கும், என்.டி.ஆர்.ஓ.வின் விஞ்ஞானிப் பணிக்கும் கேட் மதிப்பெண் கேட்டு விளம்பரம் வந்திருக்கிறது. அமைச்சரவைச் செயலகத்தின் பெயரில் சில ஆண்டுகளாக வரும் விளம்பரம் ஒன்று தனி ரகம். கணினி அறிவியல் பட்டமும் கேட் மதிப்பெண்ணும் கேட்பார்கள். என்ன வேலை என்று விவரமாக இருக்காது. ஆன்லைனில் விண்ணப்பிக்கவும் முடியாது. படிவத்தைக் கையால் நிரப்பி, போட்டோ ஒட்டி, புது டெல்லி லோதி ரோடு தலைமை அஞ்சலகத்தில் உள்ள ஒரு போஸ்ட் பேக் எண்ணுக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பச் சொல்வார்கள். எம்ப்ளாய்மெண்ட் நியூஸ் பேப்பரை வாராவாரம் பார்த்துவாருங்கள். உறையைக் கனமாகப் பார்த்து வாங்குங்கள், மழைக்காலத்தில் போகும்.